கப்பல் தகட்டின் முறிவுத் தாங்குதிறனைச் சோதிக்கும் முறை

டைட்டானிக் கப்பலின் உடலிலிருந்து மீட்கப்பட்ட தகட்டை 1990களில் ஆய்வுகூடத்தில் உடைத்துப் பார்த்தவர்கள், 20 யூல் சக்தியை அளவுகோலாகக் கொண்டால் அது நெடுக்குத் திசையில் 32 பாகை செல்சியசிலும் குறுக்குத் திசையில் 56 பாகை செல்சியசிலும் உறுதியான நிலையிலிருந்து நொறுங்கும் நிலைக்கு மாறுவதைக் கண்டார்கள். யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த கடல் மாரியில் ஏறத்தாழ 26 பாகையிலும் கோடையில் 30 பாகையைச் சூழவும் இருக்கும். வட அத்திலாந்திக்கின் உறைநீரில் மட்டுமல்ல, காங்கேசன்துறைத் துறைமுகத்தில் கட்டிவைத்திருந்தாலும் அந்தத் தகடு நொறுங்கும் பக்கத்திலேயே நின்றிருக்கும். "எங்கள் கடல் சூடான கடல், இங்கே உருக்கு நொறுங்காது" என்று பட்டறைகளில் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் இந்த எண்களையே எடுத்துக் காட்டுகிறேன். குளிர் என்பது கடலை மட்டும் பொறுத்ததன்று. ஒவ்வோர் உருக்குக்கும் அதற்கே உரிய குளிர் உண்டு, அதைச் சோதித்துத்தான் அறியலாம்.

பழைய இரும்புக் கடையில் சான்றிதழ் இல்லாமல் வாங்கிய தகட்டை மிதவைக்கோ, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுவது போன்ற பாதைக்கோ (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் தட்டைப் படகு), தீவுகளுக்குச் செல்லும் உருக்குப் படகுக்கோ பயன்படுத்த எண்ணுபவர்களையும், பொருட்சோதனையைப் பாடமாகப் பயிலும் மாணவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எதை அளக்கிறோம்

இழுவிசைச் சோதனை, குறையற்ற தகடு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று சொல்லும். முறிவுத் தாங்குதிறன் கேட்கும் கேள்வி வேறு: தகட்டில் ஏற்கெனவே ஒரு வெடிப்பு இருக்கிறது, அது ஓடத் தொடங்குவதை உருக்கு எந்த அளவுக்குத் தடுக்கும்? வெல்டிங் செய்த கப்பலில் வெடிப்பே இல்லை என்று எவராலும் உறுதி கூற முடியாது என்பதால், இரண்டாவது கேள்விக்கே உயிர்கள் கடன்பட்டிருக்கின்றன. 1943 சனவரி 16 அன்று அமெரிக்காவின் போட்லண்ட் நகரில், அமைதியான நீரில் கட்டப்பட்டிருந்த புதிய எண்ணெய்க் கப்பலான ஸ்கெனெக்டடி, பெரும் சத்தத்துடன் நடுவில் பிளந்தது. அன்று அதன் மீது இருந்த சுமை வடிவமைப்புக்குள் அடங்கியதே. அக்காலத்துக் கப்பல்களின் முறிவுகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர், குற்றம் வெல்டிங்கில் மட்டும் இல்லை, குறைந்த வெப்பநிலையில் நொறுங்கும் நிலைக்கு மாறும் உருக்கிலும் உண்டு என்று காட்டினார்.

சோதனைகள் இரு வகைப்படும். வி வடிவ வெட்டு இட்ட சிறு துண்டை ஊசற் சம்மட்டியால் அடித்து உடைக்கும் சார்பி சோதனை மலிவானது, விரைவானது. தகடு குறித்த தரத்துக்குப் பொருந்துகிறதா என்று அறிய அது போதும். கூரான உண்மை வெடிப்பை வளர்த்து மெதுவாக வளைத்து உடைக்கும் வெடிப்பு நுனித் திறப்புச் சோதனை செலவு கூடியது. இத்தனை மில்லிமீற்றர் வெடிப்பு இந்தத் தகைப்பில் (ஓரலகுப் பரப்பில் விழும் விசையில்) ஆபத்தானதா என்று கணக்கிட அதுவே வேண்டும். சார்பி தரும் யூல் எண்ணை நேரடியாக முறிவுத் தாங்குதிறன் என்று அழைப்பது பிழை. சம்மட்டி விநாடிக்கு 5 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் அடிக்கிறது, அது சந்திக்கும் வெட்டும் மொட்டையானது. கப்பலிலுள்ள வெடிப்போ கூரானது, சுமையும் பெரும்பாலும் மெதுவாகவே ஏறும். ஒன்றிலிருந்து மற்றதை மதிப்பிட உதவும் சமன்பாடுகள் உள்ளன. அவை மதிப்பீடுகளே, அளவீடுகள் அல்ல.

துண்டை வெட்டி எடுத்தல்

என் அனுபவத்தில் பிழைகளில் பெரும்பகுதி யந்திரத்தில் நேர்வதில்லை, வெட்டும் மேசையில் நேர்கிறது. ஆகவே இங்கே நேரம் செலவிடுங்கள்.

மரத்துக்கு நார் ஓடும் திசை இருப்பதுபோல் உருட்டிய தகட்டுக்கும் திசை உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாய்விரித்துச் சென்ற அன்னபூரணியின் தச்சர்களுக்கு, நாருக்குக் குறுக்கே ஒரு பலகை எப்படி நடந்துகொள்ளும் என்று எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திராது. உருக்கில் நார் கண்ணுக்குத் தெரியாது. உருட்டும்போது நீண்டுபோன மங்கனீசு சல்பைட்டுத் துணிக்கைகளே அங்கு நாரின் வேலையைச் செய்கின்றன. இதனால் ஒரே தகட்டிலிருந்து நெடுக்காக எடுத்த துண்டும் குறுக்காக எடுத்த துண்டும் வெவ்வேறு எண்களைத் தரும். தகட்டைத் தொடும் முன்பே உருட்டிய திசையை அம்புக்குறியாக எண்ணெய் வர்ணத்தால் வரைந்து, ஒவ்வொரு துண்டிலும் இரும்பு எழுத்தச்சால் அடையாளம் பதியுங்கள். வெட்டு விழப்போகும் நடுப்பகுதியில் அச்சு அடிக்கக் கூடாது. துண்டின் முனை முகத்திலேயே அடிக்க வேண்டும்.

காஸ் கட்டரால் வெட்டுவது தவறன்று. ஆனால் அந்த வெப்பம் விளிம்பை மாற்றிவிடும். தீயால் வெட்டிய அல்லது கத்தரித்த விளிம்பிலிருந்து வி-வெட்டு குறைந்தது 25 மில்லிமீற்றர் தள்ளியிருக்க வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. முதலில் பெரிய துண்டாகத் தீயால் எடுத்து, பின்பு குளிர்நீர் ஊற்றியபடி வாளால் அரிந்து, மில்லிங் யந்திரத்தில் 10 மில்லிமீற்றர் அகலம், 10 மில்லிமீற்றர் உயரம், 55 மில்லிமீற்றர் நீளம் என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். கிறைண்டரால் நீலம் பாயுமளவுக்குத் தேய்த்த துண்டைப் பயன்படுத்தாதீர்கள். மெல்லிய தகடாயின் 7.5 அல்லது 5 மில்லிமீற்றர் அகலத் துண்டு அனுமதிக்கப்படுகிறது. அப்போது தேவையான சக்தி முறையே ஆறில் ஐந்தாகவும் மூன்றில் இரண்டாகவும் குறையும்.

அடுத்து வி-வெட்டு. அதன் ஆழம் 2 மில்லிமீற்றர், கோணம் 45 பாகை, அடியின் வளைவாரை 0.25 மில்லிமீற்றர். இந்த 0.25இல்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அடி கூடுதலாக உருண்டிருந்தால் மோசமான உருக்கும் நல்ல எண்ணைத் தரும். அரத்தால் கையால் இட்ட வெட்டைக் கணக்கில் எடுக்கவே முடியாது. இதற்கென்று உள்ள இழுப்பு வெட்டுக்கத்தி சிறந்தது. மில்லிங் கத்தியும் போதும், ஆனால் சில பத்துத் துண்டுகளுக்குள் அதன் நுனி தேயும் என்பதால், வெட்டின் நிழலைப் பெருக்கித் திரையில் வார்ப்புருவுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வெட்டு எந்த முகத்தில் இருக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லி விடாதீர்கள். தகட்டின் உருட்டிய மேற்பரப்புக்குச் செங்குத்தான முகத்திலேயே அது இட வேண்டும். அப்போதுதான் வெட்டின் கோடு தகட்டின் தடிப்பினூடாகச் செல்லும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பட்டறைக்கு அனுப்பிய மூன்று துண்டுகளிலும் உருட்டிய மேற்பரப்பிலேயே வெட்டு இடப்பட்டு வந்தது. நானும் கவனிக்காமல் உடைத்தேன். மூன்று எண்களும் மிக உயர்வாக வந்தன; தகடுகளும் பொருத்தப்பட்டுவிட்டன. அந்த நிலையில் வெடிப்பு தகட்டின் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டியிருப்பதால் அடுக்குகள் பிரிந்து சக்தியை விழுங்கிவிடுகின்றன என்பது, உடைந்த முகத்தில் படிகள் போன்ற பிளவுகளைப் பார்த்த பின்பே எனக்கு உறைத்தது. எஞ்சிய தகட்டிலிருந்து மீண்டும் வெட்டிச் சோதித்து முடியும்வரை எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை.

குளிர்வித்தலும் உடைத்தலும்

யந்திரத்தை முதலில் துண்டின்றி வீசிப் பாருங்கள். முள் பூச்சியத்துக்கு வர வேண்டும். உராய்வாலும் காற்றாலும் இழக்கும் சக்தி யந்திரத்தின் கொள்ளளவில் 0.5 வீதத்தைத் தாண்டக் கூடாது. 300 யூல் யந்திரமாயின் அது 1.5 யூல். தாங்கிகளுக்கு இடையிலான தூரம் 40 மில்லிமீற்றர். சம்மட்டி முனையின் வளைவாரை 2 மில்லிமீற்றரா 8 மில்லிமீற்றரா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், சர்வதேச நியம அமைப்பின் (ஐ.எஸ்.ஓ.) 148ஆம் நியமம் இரண்டையும் ஏற்கிறது, ஆனால் இரண்டும் எப்போதும் ஒரே எண்ணைத் தருவதில்லை. சம்மட்டி வீசும் தளத்தில் வேலி இல்லாமல் ஒருபோதும் வேலை செய்யாதீர்கள்.

எங்கள் ஊரில் நண்பகல் ஆய்வுகூடம் 33 பாகைக்கும் ஏறும். "அறை வெப்பநிலை" என்று ஐ.எஸ்.ஓ. கூறுவது 23 பாகை, கூடக்குறைய 5. ஆகவே 20 பாகையில் செய்ய வேண்டிய சோதனைக்கும் இங்கே நீர்த்தொட்டி வேண்டும். 0 பாகைக்கு நொறுக்கிய ஐசும் நீரும் கலந்தால் போதும். அது இயற்கையே தரும் நிலையான புள்ளி. அதற்குக் கீழே செல்ல, மயிலிட்டி போன்ற மீன்பிடித் துறைமுகங்களை நம்பி நடக்கும் ஐஸ் வாடிகளில் வாங்கிய ஐசுடன் ஆனையிறவு உப்பைக் கலந்தும் தொடங்கலாம். ஐசும் உப்பும் கலந்து இறங்கக்கூடிய எல்லை −21 பாகை. நன்றாக நொறுக்கிய மூன்று பங்கு ஐசுக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில், −15 பாகையை மாணவர்கள் எளிதில் எட்டிப் பிடித்து வைத்திருப்பார்கள். உப்புநீரில் துண்டை நேரே போடாமல், மதுசாரம் நிரப்பிய உலோகப் பாத்திரத்தை அக்கலவைக்குள் அமர்த்தித் துண்டுகளை மதுசாரத்தில் இடுங்கள். இது மாறுநிலையை, அதாவது உருக்கு உறுதியிலிருந்து நொறுங்கும் நிலைக்கு மாறுவதை, கண்ணால் காண்பதற்குச் சிறந்த வழி. ஆனால் −20 பாகையில் அறிக்கைக்கான சோதனைக்கு இதை நம்ப வேண்டாம், எல்லைக்கு மிக அருகில் நிற்பதால் அது நழுவிவிடும். அதற்கும் −40, −60 பாகைகளுக்கும் மதுசாரத்தில் உலர்பனியைச் சிறிது சிறிதாக இட்டுக் குளிர்வியுங்கள். உலர்பனி −78.5 பாகை வரை இறக்கும். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும், தீ அருகில் வேண்டாம்.

துண்டுகளைத் தொட்டியின் அடியில் படுக்க வைக்கக் கூடாது. அடியிலிருந்து 25 மில்லிமீற்றர் உயர்த்திய வலைத்தட்டில், மேலே 25 மில்லிமீற்றர் திரவம் மூடியிருக்க, குறித்த வெப்பநிலை 1 பாகைக்குள் நிலைத்த பின் குறைந்தது 5 நிமிடம் விடுங்கள். இடுக்கியின் வாயும் அதே திரவத்தில் குளிர வேண்டும். சூடான இடுக்கி வெட்டின் அருகே பிடித்தால் அங்கேதான் சூடேறும். எடுத்ததிலிருந்து சம்மட்டி அடிப்பதற்கு 5 விநாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. எங்கள் ஈரக்காற்றில் துண்டு உடனே பனி பூத்து வெளுக்கும். அதைத் துடைக்க நிற்காதீர்கள். வெட்டு, சம்மட்டிக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்க வேண்டும், நடுவில் இருக்க வேண்டும். வெறும் துண்டுகளை வைத்து, கடிகாரத்துடன் இருவர் பலமுறை பயின்ற பின்பே உண்மைத் துண்டைத் தொடுங்கள்.

கப்பல் வகுப்பீட்டுச் சங்கங்களின் சர்வதேச ஒன்றியத்தின் விதிப்படி, 235 மெகா பஸ்கால் இளகு தகைப்பு (உருக்கு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைப்பு) கொண்ட சாதாரணக் கப்பல் உருக்கில் பி தரம் 0 பாகையிலும் டி தரம் −20 பாகையிலும் ஈ தரம் −40 பாகையிலும், 50 மில்லிமீற்றர் வரையான தடிப்பில் நெடுக்காக 27 யூல், குறுக்காக 20 யூல் காட்ட வேண்டும். 355 மெகா பஸ்கால் உருக்குக்கு அவை 34, 24 யூல். மூன்று துண்டுகளின் சராசரியே கணக்கு. ஒன்று மட்டும் தேவைக்குக் குறையலாம், அதுவும் 70 வீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 27 யூல் தேவையென்றால் அந்தக் கீழெல்லை 18.9 யூல். 36, 30, 19 என வந்தால் சராசரி 28.3, தேறியது. 38, 33, 17 என வந்தால் சராசரி 29.3 ஆயினும் தேறவில்லை. அந்த 17ஐ "ஏதோ தவறு" என்று ஒதுக்கிவிடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மாறுநிலையை அண்மித்த உருக்கு அப்படித்தான் சிதறிய எண்களைத் தரும், சிதறலே எச்சரிக்கை. விதி இடம் கொடுக்கும் மறுசோதனை, அதே தகட்டிலிருந்து மேலும் மூன்று துண்டுகளை எடுத்து ஆறின் சராசரியைப் பார்ப்பதாகும். தாழ்ந்த எண்ணும் அந்த ஆறில் இருக்கும்.

சான்றிதழ் இல்லாத தகட்டுக்கு ஒரே வெப்பநிலை போதாது. 30, 20, 0, −20, −40, −60 என ஆறு வெப்பநிலைகளில் மூன்று மூன்றாகப் பதினெட்டுத் துண்டுகளை உடைத்து வளைகோடு வரையுங்கள். ஒவ்வொரு முகத்தையும் பாருங்கள்: மங்கிய சாம்பல் நிறமும் நார்போன்ற கிழிசலும் ஓரங்கள் பிதுங்கியும் இருந்தால் உருக்கு இழுபட்டுக் கிழிந்திருக்கிறது, சீனி தூவியதுபோல் மினுங்கும் தட்டையான பகுதி நொறுங்கிய பகுதி. அந்த மினுங்கும் பரப்பின் வீதத்தையும் எழுதுங்கள். எண் ஏமாற்றக்கூடும், முகம் ஏமாற்றுவது அரிது.

வெடிப்பு நுனித் திறப்பு

தளவிகார முறிவுத் தாங்குதிறனை, அதாவது பக்கவாட்டில் சுருங்க இடமில்லாத தடித்த துண்டின் தாங்குதிறனை, நேரே அளந்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். அச்சோதனை செல்லுபடியாக, துண்டின் தடிப்பு, தாங்குதிறனை இளகு தகைப்பால் வகுத்து வர்க்கித்து 2.5ஆல் பெருக்கிய அளவுக்காவது இருக்க வேண்டும். 355 மெகா பஸ்கால் தகட்டுக்குத் தாங்குதிறன் 150 மெகா பஸ்கால் வர்க்கமூல மீற்றர் என்று கொண்டால் வேண்டிய தடிப்பு ஏறத்தாழ 446 மில்லிமீற்றர். அப்படிக் கப்பல் தகடு கிடையாது. இச்சிக்கலுக்கு 1960களின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் அலன் வெல்ஸ் கண்ட வழி, வெடிப்பு ஓடுமுன் அதன் நுனி எத்தனை மில்லிமீற்றர் திறந்துகொடுக்கிறது என்று அளப்பது. ஐ.எஸ்.ஓ. 12135 அதன் முறையை வகுத்திருக்கிறது.

தகட்டின் முழுத் தடிப்பையும் அகலமாகக் கொண்டு, உயரத்தை அதன் இருமடங்காக எடுங்கள். 25 மில்லிமீற்றர் தகட்டுக்கு உயரம் 50, தாங்கிகளின் தூரம் உயரத்தின் நான்கு மடங்கான 200 மில்லிமீற்றர். நடுவில் யந்திர வெட்டை இட்டு, சிறு சுமையை மாறிமாறிக் கொடுத்து, குறைந்தது 1.3 மில்லிமீற்றர் உண்மை வெடிப்பை அதன் நுனியிலிருந்து வளருங்கள். மொத்த ஆழம் உயரத்தின் பாதியைச் சூழ இருக்கட்டும். அவசரத்துக்காக இச்சுமையைக் கூட்டினால் நுனி மழுங்கி, பொய்யான உயர்ந்த விடை வரும். பொறுமையே இங்கே கருவி. பிறகு வெட்டின் வாயில், அது திறப்பதை அளக்கும் கிளிப் மானியைப் பொருத்தி, குறித்த வெப்பநிலைக்குக் குளிர்வித்து, மெதுவாக வளைத்து, சுமைக்கும் வாய்த்திறப்புக்குமான கோட்டை முறியும்வரை பதிவு செய்யுங்கள். நடுவில் "டிக்" என்ற ஒலியுடன் சுமை திடீரென விழுந்து மீண்டும் ஏறினால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். வெடிப்பு ஒருமுறை பாய்ந்து நின்றிருக்கிறது, அப்புள்ளியே விடையாகவும் இருக்கலாம்.

கணக்கு இரு பகுதி. 355 மெகா பஸ்கால் உருக்கில் எடுத்த மேற்கூறிய துண்டில் வெடிப்பின் ஆழம் 25 மில்லிமீற்றர், முறிந்த சுமை 40 கிலோ நியூற்றன், நிரந்தர வாய்த்திறப்பு 0.8 மில்லிமீற்றர், கிளிப் மானி பொருந்திய கத்திமுனையின் உயரம் 2 மில்லிமீற்றர் என்று கொள்வோம். ஆழம் பாதியாக இருக்கும்போது வடிவக் காரணி 2.66, அதன்படி வெடிப்பு நுனியின் தகைப்புச் செறிவு 76 மெகா பஸ்கால் வர்க்கமூல மீற்றர். அதை வர்க்கித்து 0.91ஆல் பெருக்கி, இளகு தகைப்பினதும் யங்கின் மட்டினதும் பெருக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் மீள்தன்மைப் பகுதி 0.036 மில்லிமீற்றர். வெடிக்காமல் எஞ்சிய 25 மில்லிமீற்றரின் 0.4 பங்கு 10, அதை 0.8ஆல் பெருக்கி, 10, 25, 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 37ஆல் வகுத்தால் நிரந்தரப் பகுதி 0.216 மில்லிமீற்றர். இரண்டும் சேர்ந்து 0.25 மில்லிமீற்றர். உடைந்த முகத்தில் வெடிப்பின் ஆழத்தைத் தடிப்பின் குறுக்கே ஒன்பது இடங்களில் அளந்த பின்பே இந்த 25 மில்லிமீற்றர் உறுதியாகும். விளிம்பு இரண்டின் சராசரியை ஒன்றாகக் கொண்டு, உள்ளே உள்ள ஏழுடன் கூட்டி, எட்டால் வகுக்க வேண்டும்.

பெரிய கொள்கலன் கப்பல்களின் மிகத் தடித்த மேற்தளத் தகடுகளுக்கு, ஓடும் வெடிப்பை நிறுத்தும் திறனையும் தனியே சோதிக்கிறார்கள். இங்கே அந்த அளவிலான வேலை இல்லை. பெயரளவில் அறிந்திருந்தால் போதும்.

ஒட்டின் அருகே

தகடு தேறிவிட்டது என்பதால் கப்பல் தேறிவிடவில்லை. வெல்டிங்கின் வெப்பம் பாதித்த வலயத்தில் உருக்கின் நுண் படிக மணிகள் பருத்து, தகடு −20 பாகையில் காட்டிய உறுதியை அது 0 பாகையிலேயே இழக்கலாம். ஆகையால் அதே தகட்டில், அதே மின்வாய், அதே மின்னோட்டம், இயன்றால் அதே கையால் ஒரு மாதிரி வெல்டிங் ஒட்டைச் செய்து, ஒட்டின் நடுவிலும், உருகிய கோட்டிலும், அதிலிருந்து 2, 5 மில்லிமீற்றர் தள்ளியும் வி-வெட்டை இட்டுச் சோதியுங்கள். வெட்டுமுன் முகத்தை மெருகேற்றி நைத்திரிக்கமிலம் கலந்த மதுசாரத்தால் தடவினால் உருகிய கோடு தெளிவாகத் தெரியும். ஊகத்தால் கோடு கீறி வெட்டிய துண்டு எந்த வலயத்தைச் சோதித்தது என்று பின்னர் எவராலும் சொல்ல முடியாது. மாரி மாதங்களில் ஈரம் குடித்த மின்வாய்கள் ஒட்டுக்குள் ஐதரசனைச் செலுத்தி, நாம் தேடும் வெடிப்பை நாமே உண்டாக்கும். தயாரிப்பாளர் குறித்த வெப்பநிலையில் உலர்த்தியவற்றையே எடுங்கள்.

அறிக்கையில் துண்டின் திசை, எடுத்த இடம், வெட்டின் முகம், வெப்பநிலை, சம்மட்டி முனை, மூன்று தனித்தனி எண்கள், முகத்தின் தோற்றம் ஆகியவை இருக்க வேண்டும். சராசரியை மட்டும் தரும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். உடைந்த பாதிகளை எறிந்துவிடாதீர்கள். உப்புக்காற்றில் அவற்றின் முகம் இரண்டொரு நாளில் துருவேறிவிடும் என்பதால், உடைத்த அன்றே மதுசாரத்தில் கழுவி, காயவைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, தகட்டின் அடையாளம் எழுதிய பொலித்தீன் பையில் கட்டி, அத்தகடு கடலில் இருக்கும் காலம் முழுவதும் பூட்டி வையுங்கள்.